ஒற்றுமைக் கட்டத்தில் என்ன எழுதுவது?



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒற்றுமை வேற்றுமைப் பயிற்சி ஒன்றைக் கொடுத்தேன். ஒன்று, தென்சிலியின் குளிர்மழைக் காடுகளில் வாழும் ‘மொனித்தோ டெல் மொன்டே’ என்னும் குட்டிப் பைம்மா விலங்கு. மற்றொன்று, நம் பேராக் மாநிலத்துப் பெலும் காட்டிலும் வாழும் தலைக்கவச இருவாச்சி.

வேற்றுமைகளை மாணவர்கள் நொடியில் நிரப்பினர். உரோமம், இறகு; குட்டி, முட்டை; ஐம்பது கிராமுக்கும் குறைவு, ஏறத்தாழ மூன்று கிலோ. ஒற்றுமைக் கட்டத்திலோ பலரும் ‘இரண்டும் உயிருள்ளவை’ என்றே எழுதினர். நானும் சரி என்று குறியிட்டேன். பின்னர்தான் மனம் உறுத்தியது.

மொனித்தோ உள்ளங்கையில் அடங்கிவிடும். வாலின் அடியில் கொழுப்பைச் சேமித்துக் குளிர்காலத்தை உறங்கிக் கழிக்கும். அங்குள்ள ஒருவகைப் புல்லுருவியின் விதை இதன் வயிற்றைக் கடந்து வந்தால்தான் முளைக்கிறது என 2000ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. அப்புல்லுருவி பூப்பதோ குளிர்காலத்தில். வேறு பூக்கள் அரிதான அந்நாள்களில் ஓசனிச்சிட்டுகளுக்கு அதுவே தேன் தருகிறது. எலியளவு விலங்கொன்று, தான் உறங்கும் வேளையில் ஒரு பறவைக்குச் சோறிடுகிறது!

இருவாச்சிக்கு முதன்மை உணவு அத்திப்பழம். விதைகளைத் தொலைதூரம் கொண்டுசென்று எச்சத்தில் விதைக்கிறது. பெண் பறவை மரப்பொந்தில் தன்னை அடைத்துக்கொள்ள, ஆண் பறவை மாதக்கணக்கில் இரை கொண்டுவந்து ஊட்டும். இத்தனைக்கும் வளர்வது ஒரே குஞ்சு. (மாமியார் வீட்டுத் தூண்களை வெட்டிச் சாய்த்துச் சிரித்த மருமகனே இப்பறவையானான் என்று மலாய்க் கதையொன்று கூறும், அதன் குரலைக் கேட்டவர்க்குக் காரணம் புரியும்.) தந்தம்போல் கெட்டியான கொண்டைக்காக வேட்டையாடப்பட்டு, 2015இல் மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் சேர்ந்தது.

ஆக, இரண்டும் காட்டின் உழவர்கள். இதை எழுதவே அந்தக் கட்டம் இருந்தது. நான்தான் கேட்கத் தவறினேன். உறுப்புகளை ஒப்பிடச் சொன்னோமே தவிர, ‘இது இல்லாமற் போனால் யார் பட்டினி கிடப்பர்?’ என்று ஒருநாளும் வினவியதில்லை. தேர்வில் இதற்கு மதிப்பெண் இல்லை என்பர் சிலர். இருக்கட்டும், பத்து நிமிடம்தானே! பெற்றோர்களும் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அதே தாள்களைத் திங்களன்று திருப்பிக் கொடுக்கிறேன். அடியில் புதிதாக ஒரு கட்டம் வரைந்திருக்கிறேன்.