பட்டியலுக்கும் ஒரு சாய்தளம் வேண்டும்

2025 டிசம்பர் 19-ஆம் தேதி வெளியான தமிழகத்தின் வரைவு வாக்காளர் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. 6.41 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 5.43 கோடியாகக் குறைந்தது. இறந்தவர்கள், இடம்பெயர்ந்தவர்கள், வீடு தேடிச் சென்றபோது இல்லாதவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பதிவானவர்கள் என்று தேர்தல் ஆணையம் இவர்களை வகைப்படுத்துகிறது. இந்த நீக்கங்களில் பெரும்பாலானவை சரியாகவே இருக்கலாம். பட்டியல் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. சிறப்பு தீவிரத் திருத்தத்தின் சட்டத்தன்மை குறித்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டன. அதற்குள் நான் செல்லவில்லை.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என்னை உறுத்துவது வேறொரு கேள்வி. தவறாக விடுபட்ட ஒருவர் தம் பெயரை மீட்பதற்கு எவ்வளவு செலவிட வேண்டும்? அந்தச் செலவு எல்லோருக்கும் ஒன்றுதானா? கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் பூமியில் மாற்றுத்திறனாளிகளை மனத்தில் கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டால், நம் தேர்தல் சட்டங்களில் உள்ள ஓர் இடைவெளி தெளிவாகத் தெரிகிறது.

வாக்காளரை அடையாளம் காணும் சட்டங்கள் ஒரு திசையில் வளர்ந்திருக்கின்றன. தலைமைத் தேர்தல் ஆணையராக டி.என். சேஷன் இருந்தபோது, 1993-இல் புகைப்பட அடையாள அட்டை வந்தது. 2021 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேர்தல் சட்டங்கள் திருத்தச் சட்டம், ஆதார் எண்ணை வாக்காளர் பதிவுடன் இணைக்க வழி செய்தது. ஆதார் கட்டாயமில்லை என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஆணையமே கூறியது. ஆனால், அதற்குள் 66 கோடிக்கும் மேற்பட்ட ஆதார் எண்கள் பதிவேற்றப்பட்டிருந்தன. அதே திருத்தச் சட்டத்தில் இன்னொரு நல்ல மாற்றமும் உண்டு. படையில் பணியாற்றுவோரின் 'மனைவி' மட்டுமே சேவை வாக்காளராகலாம் என்றிருந்ததை 'வாழ்க்கைத் துணை' என்று மாற்றியது. படையில் பணிபுரியும் பெண்களின் கணவர்களுக்கு அதனால் அந்த உரிமை கிடைத்தது.

மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டங்கள் இன்னொரு திசையில் வளர்ந்தன. வாக்குச்சாவடிகளில் சாய்தளம் அமைக்க வேண்டுமென்று 2004-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வாக்குப்பதிவு இயந்திரத்தில் பிரெயில் எண்கள் வந்தன. பார்வையற்றவரும் உடல் நலிந்தவரும் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுடையோர் 12டி படிவம் அளித்து, வீட்டிலிருந்தே அஞ்சல் வாக்களிக்கலாம். இவற்றுக்கெல்லாம் மகுடமாக அமைந்தது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். அதன் 11-ஆவது பிரிவு, வாக்குச்சாவடிகள் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. தேர்தல் நடைமுறை தொடர்பான எல்லா ஆவணங்களும் அவர்களால் எளிதில் புரிந்துகொள்ளவும் அணுகவும் கூடியவையாக இருப்பதை உறுதி செய்யும் கடமையைத் தேர்தல் ஆணையத்தின் மீதே சுமத்துகிறது.

இந்த இரண்டு சட்ட மரபுகளும் இன்னும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. வாக்குச்சாவடி வாசலில் சாய்தளம் இருக்கிறது. சக்கர நாற்காலி காத்திருக்கிறது. அந்த வாசலுக்கு வருவதற்கு முன் கடக்க வேண்டிய பட்டியல் என்னும் படிக்கட்டில் சாய்தளம் இல்லை.

கரிசல் கிராமம் ஒன்றின் ஒரே தெருவில் வாழும் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் எல்லையில் பணியாற்றிக் காலை இழந்து திரும்பிய முன்னாள் படைவீரர். மற்றவர் தீப்பெட்டித் தொழிலில் தீக்காயம்பட்டு விரல்களை இழந்தவர். வானம் பார்த்த இந்தப் பூமியில் படைக்குச் செல்வதும் தீப்பெட்டி ஆலைக்குச் செல்வதும் மழை பொய்த்த வீடுகளின் இரு வழிகள். என் வகுப்பில் படித்த பிள்ளைகளிலும் இந்த இரண்டு வழிகளில் சென்றவர்கள் உண்டு.

முந்தைய தீவிரத் திருத்தத்தின்போது, அதாவது 2002 அல்லது 2005-ஆம் ஆண்டுப் பட்டியலில், தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ காட்ட முடியாதவர் ஆவணங்கள் தர வேண்டும். அந்த ஆவணப் பட்டியலில் அரசு ஓய்வூதியரின் ஓய்வூதிய ஆணை இடம்பெற்றிருக்கிறது. ஆகவே, படைவீரர் தம் ஆணையைக் காட்டலாம். அது நியாயமானது, வரவேற்கத்தக்கது. தீப்பெட்டித் தொழிலாளி எதைக் காட்டுவார்? வீட்டில் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. கடல் கடந்து போகாதவருக்குக் கடவுச்சீட்டு இல்லை. கல்வி வாரியம் தரும் சான்றிதழுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருப்போரில் பலர் அந்த வயதில் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள். சிவகாசி வட்டாரத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் குழந்தைகள் உழைத்தது குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996-இல்தான். அன்று பள்ளியை இழந்ததற்கான விலையை இன்று அவர்கள் இரண்டாம் முறையாகத் தரும்படி ஆகிறது. ரேஷன் அட்டையும், ஆணையமே வழங்கிய வாக்காளர் அட்டையும் அந்தப் பட்டியலில் இல்லை. உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டால் ஆதார் சேர்க்கப்பட்டது. அதுவும் அடையாளத்துக்கு மட்டுமே, குடியுரிமைக்குச் சான்றாகாது என்ற நிபந்தனையுடன்.

அவர் கையில் இருக்கும் உறுதியான அரசு ஆவணம், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. அரசு மருத்துவர் பரிசோதித்து, புகைப்படத்துடன் மத்திய அரசின் திட்டத்தின்கீழ் வழங்கப்படுவது அது. வாக்குப்பதிவு நாளில் வாக்காளர் அட்டைக்கு மாற்றாக ஏற்கப்படும் ஆவணங்களில் அதற்கு இடமுண்டு. பட்டியல் திருத்தத்துக்கான ஆவணங்களில் இடமில்லை. வாக்களிக்க வந்தால் 'இவர் இன்னார்' என்று நம்பப்படும் அட்டை, வாக்காளராக நீடிப்பதற்கான விசாரணையில் எண்ணப்படுவதில்லை. அந்த அட்டை குடியுரிமையைக் காட்டாது என்பது வாதமானால், ஆதாரும் அதைக் காட்டாது. அடையாளத்துக்கு ஆதாரை ஏற்கும்போது இதை ஏன் உடன் ஏற்கக் கூடாது?

படைவீரரின் நிலையும் முற்றிலும் பாதுகாப்பானதன்று. பணியில் இருக்கும்வரை அவர் சேவை வாக்காளர். சேவை வாக்காளர் பட்டியல் பொதுப் பட்டியலிலிருந்து தனியானது. ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் அவர் 6-ஆம் படிவம் அளித்துப் பொது வாக்காளராகத் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். காயமுற்றுப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவருக்கு மருத்துவமனை, ஓய்வூதியம், செயற்கைக் கால் என்று அலைச்சல்கள் இருக்கும்போது, இந்தப் படிவம் நினைவுக்கு வருவது கடினம். 2002-இல் எல்லையில் இருந்தவர் தம் பெயரை ஊர்ப் பட்டியலில் தேடினால் கிடைக்காமற்போக வாய்ப்பு மிகுதி. தாய் தந்தை பெயரைத் தேடித்தான் அவர் தம்மை நிறுவ வேண்டும்.

காலமும் நிலமும் இந்தச் சுமையைக் கூட்டின. கணக்கீட்டுப் படிவங்கள் வழங்கித் திரும்பப் பெறும் பணி தமிழகத்தில் நவம்பர் 4-இல் தொடங்கி டிசம்பர் 14-இல் முடிந்தது. வடகிழக்குப் பருவமழையின் உச்சம் அது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகளின் மானாவாரி நிலங்களில் உளுந்துக்கும் பாசிக்கும் மக்காச்சோளத்துக்கும் களையெடுக்கும் பருவம். வீட்டில் நடமாடக்கூடியவர்கள் காட்டில் இருப்பார்கள். நடமாட முடியாதவர் வீட்டில் தனித்திருப்பார். செவித்திறனற்ற ஒருவர் கதவு தட்டப்படுவதை அறியமாட்டார். மழை பெய்த கரிசல் மண் செருப்பைக் கூட விடாது. மூன்று சக்கர வண்டியின் சக்கரத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் கடுமையாக உழைத்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், 'வீட்டில் இல்லை' என்று அவர் குறிப்பதற்கும், 'கதவைத் திறக்க இயலவில்லை' என்ற உண்மைக்கும் உள்ள வேறுபாட்டைப் பதிய அந்தப் படிவத்தில் இடமில்லை.

எந்தத் தேர்ந்தெடுப்பு முறையிலும் இருவகைப் பிழைகள் நேரும். தகுதியற்றவரைச் சேர்ப்பது ஒன்று. தகுதியுள்ளவரை விலக்குவது மற்றொன்று. ஒன்றைக் குறைக்க முனைந்தால் மற்றொன்று கூடும். தமிழகம் இதை அனுபவத்தில் அறிந்த மாநிலம். 1997-இல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக் கோட்டின் அடிப்படையில் பிரித்தபோது, தமிழகம் அனைவருக்குமான விநியோகத்தைத் தொடர்ந்தது. வசதியுள்ள சிலருக்கு அரிசி போய்விடலாம் என்ற இழப்பை ஏற்று, ஏழை ஒருவர்கூட விடுபடக் கூடாது என்ற முடிவை எடுத்தது. அரிசிக்கு நாம் ஏற்ற நெறி வாக்குக்கும் பொருந்த வேண்டாமா? இறந்தவரின் பெயர் பட்டியலில் நீடித்தால் அதைத் தடுக்க வாக்குச்சாவடி முகவர்கள், விரலில் மை, அடையாள அட்டை என்று மூன்று தடுப்புகள் உண்டு. உயிருடன் இருப்பவரின் பெயர் நீங்கினால், அவரைக் காக்க அவரது சொந்த முயற்சி மட்டுமே உண்டு.

அந்த முயற்சியின் விலையும் சமமன்று. உடல் நலமுள்ள தொழிலாளி வட்டாட்சியர் அலுவலகம் சென்றுவர ஒரு நாள் கூலியை இழக்கிறார். நடக்க இயலாதவர் துணைக்கு வருபவரின் கூலியையும் இழந்து, ஆட்டோவுக்கும் பணம் தருகிறார். அலுவலகம் மாடியில் இருந்தால் அத்தனையும் வீண். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்றாலும், சட்டம் கேட்கும் செலவு சமமாக இல்லை.

பிரிட்டன் இதில் பட்ட அனுபவம் நமக்குப் பாடமாகும். அங்கு 2022-ஆம் ஆண்டின் தேர்தல் சட்டம் வாக்களிக்கப் புகைப்பட அடையாளத்தைக் கட்டாயமாக்கியது. 2023 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் இங்கிலாந்தில் அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான நீல நிற வாகன நிறுத்த அட்டை ஏற்கத்தக்க ஆவணங்களில் ஒன்றாக இருந்தது. அரசே வழங்கிய முன்னாள் படைவீரர் அட்டைக்கு அதில் இடமில்லை. 2024 மே தேர்தலில் முன்னாள் வீரர் ஒருவர் அந்த அட்டையுடன் வந்து திருப்பி அனுப்பப்பட்டார். படைவீரர் நலத் துறை அமைச்சர் ஜானி மெர்சர் வருத்தம் தெரிவித்தார். பின்னர் அந்த அட்டையும் ஏற்கப்பட்டது. அங்கே விடுபட்டது வீரரின் அட்டை. இங்கே விடுபட்டிருப்பது மாற்றுத்திறனாளியின் அட்டை. ஆவணப் பட்டியல் தயாரிப்போர் யாரை மனத்தில் கொண்டு அதை எழுதுகிறார்கள் என்பதே இரு நாடுகளிலும் எழும் கேள்வி.

வழி நம்மிடமே இருக்கிறது. மத்திய அரசின் ஓய்வூதியர்களில் பெரும்பாலோர் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று தருகிறார்கள். முன்பு அதற்காக வங்கி வாசலில் வரிசையில் நின்றார்கள். இன்று தபால்காரர் வீடு தேடி வந்து பதிவு செய்கிறார். கைப்பேசியில் முகத்தைக் காட்டினாலும் போதும். ஓய்வூதியம் பெற ஒருவர் உயிருடன் இருப்பதை வீட்டு வாசலிலேயே சரிபார்க்க முடிகிற அரசுக்கு, அவர் வாக்காளர் என்பதையும் அங்கேயே சரிபார்ப்பது அரிதன்று.

உடனடியாகச் செய்யத்தக்கவை நான்கு. முதலாவதாக, தனித்துவ அடையாள அட்டையைத் திருத்தப் பணிக்கான ஆவணங்களிலும் சேர்க்க வேண்டும். இரண்டாவதாக, மாற்றுத்திறனாளி என்று ஏற்கெனவே குறிக்கப்பட்ட எவருடைய பெயரையும் வீட்டில் நேரில் கண்டு உறுதி செய்யாமல் நீக்கக் கூடாது. மூன்றாவதாக, அவர்களுக்கான விசாரணை அவரவர் வீட்டிலோ ஊரின் தரைத்தளக் கட்டடத்திலோ நடக்க வேண்டும். நான்காவதாக, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் உள்ள பெயர்களை வரைவுப் பட்டியலோடு ஒப்பிட்டு, விடுபட்டவர்களை அரசே தேடிச் செல்ல வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆவது பிரிவை அதன் முழுப் பொருளில் படித்தாலே போதும். கணக்கீட்டுப் படிவமும் விசாரணை அறிவிப்பும் தேர்தல் நடைமுறை தொடர்பான ஆவணங்கள்தாமே.

பெயர் சேர்க்கவும் ஆட்சேபம் தெரிவிக்கவும் 2026 ஜனவரி 18 வரை அவகாசம் அறிவிக்கப்பட்டிருந்தது. இறுதிப் பட்டியல் 2026 பிப்ரவரியில் வருவதாக இருந்தது. அரசு செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் தெருவில் வீட்டை விட்டு வெளியே வர இயலாதவர் ஒருவர் இருந்தால், அவர் பெயர் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில் 1950 என்ற எண்ணை அழையுங்கள்; 6-ஆம் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு வாக்குச்சாவடியின் சாய்தளத்தால் ஒரு பயனும் இல்லை.