வெல்வெட் நெசவாளியும் நம்ம ஊர் வாலும்

மக்மல்பாஃப் என்றால் வெல்வெட் நெய்பவர். இதைக் கண்டுபிடித்த உலக சினிமா நண்பர்கள் சிலர், "பாருங்க, ஈரான்காரன் தொழில்பெயரைப் பெருமையா போட்டுக்கிறான், நாம மட்டும் ஏன் சாதிப்பெயரை மறைக்கணும்?" என்று கிளம்பியிருக்கிறார்கள். மொஹ்சென் மக்மல்பாஃப் 1996இல் 'கப்பே' என்று கம்பளத்தை வைத்தே ஒரு படம் எடுத்தார். அதைப் பேச ஆளில்லை.

ஈரானில் குடும்பப்பெயர் கட்டாயமானது 1925 சட்டத்தால். அதே ஆண்டு தவ்லே, சல்தனே என்று முடியும் பிரபுப் பட்டங்களை ஒழித்தார்கள். பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டுதான் பெயரைக் கொடுத்தார்கள். சிலர் தொழிலை எடுத்துக்கொண்டார்கள், சிலர் ஊரை. நான்கே வருஷம் கழித்து, 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப்பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம். இரண்டு இடத்திலும் போனது பட்டம்தான் சார்.

தொழில்பெயர்தான் வேண்டுமா? என் ஊர் புதுச்சத்திரத்துக்கு வாங்க. சேலம்–நாமக்கல் ரோட்டில் நின்றால் கோழிப்பண்ணைக்காரர், லாரி பாடி கட்டுபவர், ரிக் வண்டிக்காரர் எல்லோரும் கண்ணில் படுவார்கள். 'முட்டை' என்றோ 'ரிக்' என்றோ எவராவது பேருக்குப் பின்னால் போடுகிறாரா? போடுவது என்னவென்று உங்களுக்கே தெரியும். அது செய்கிற வேலையைச் சொல்வதில்லை. யார் வீட்டில் பெண் எடுக்கலாம், யார் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்பதைச் சொல்கிறது.

அலுவலகப் படிவத்தில் 'லாஸ்ட் நேம்' கேட்கிறார்களே என்பார்கள் அடுத்து. நான் அப்பா பெயரைப் போட்டேன். பத்து வருஷமாக மீட்டிங்கில் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். அவருக்கும் எனக்கும் அதில் ஒரு நஷ்டமும் இல்லை.