பிரேக்கை விடும் வித்தை

இத்தாலி தேசத்தில் மிலான் நகருக்கு அருகே 1922-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மான்ஸா பந்தயப் பாதையில் இன்று ஓடும் உண்மைக் கார்களைவிட, உலகெங்கும் தத்தம் வீடுகளில் அமர்ந்திருப்போர் கணினித் திரையில் ஓட்டும் மாயக் கார்களே அதிகம் என்று சொன்னால் அது மிகையாகாது. அப்பாதையின் பிரதான நேர்ப்பகுதி ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, ஓட்டுபவனுக்குத் தன்னை வெல்வார் யாருமில்லை என்றொரு பிரமையை உண்டாக்கிவிட்டு, முதலில் வலப்புறமும் உடனே இடப்புறமும் ஒடியும் ரெட்டிஃபீலோ என்னும் இரட்டை வளைவில் அவனைத் திடீரென்று கொண்டுபோய் நிறுத்துகிறது. கார்களின் வேகம் அளவு கடந்து போனதைக் கண்டு, அதைத் தடுக்கும் பொருட்டே 1972-இல் இப்பாதையில் இத்தகைய குறுக்கு வளைவுகளை இட்டார்கள். இணையத்தின் வழியே நடைபெறும் ஒரு பந்தயத்தின் முதற்சுற்றில் இருபது கார்கள் அவ்வளைவை நோக்கி ஒன்றாகப் பாய்ந்து வருமானால், அவற்றுள் எத்தனை முழு உருவத்தோடு வெளியேறும் என்பதை எந்த ஜோசியரும் சொல்லத் துணியமாட்டார்.

இந்த விபரீதத்துக்கு ஆட்டக்காரர்கள் கூறும் காரணங்கள் பல. ஸ்டீயரிங் மலிவானது என்பார் ஒருவர். இணைய இணைப்பு மந்தம் என்பார் மற்றொருவர். எதிரிக்கு ஓட்டத் தெரியவில்லை என்பதில் மட்டும் எல்லோரும் ஒருமித்த அபிப்பிராயம் உடையவர்கள். என் அபிப்பிராயமோ வேறு. பிரேக்கை எப்போது மிதிப்பது என்பதைப் பற்றி இவர்கள் இரவும் பகலும் சிந்திக்கிறார்கள். அதை எப்படி விடுவது என்பதைப் பற்றிச் சிந்திப்பவரைக் காண்பது அரிதாயிருக்கிறது. வளைவைக் கடக்கும் சாமர்த்தியம் முழுவதும் அந்த விடுதலில் அடங்கியிருக்கிறது என்பதே நான் சொல்ல விரும்புவது.

ஒரு டயர் தரையைப் பற்றிக்கொள்ளும் சக்தி ஓர் எல்லைக்கு உட்பட்டது. அச்சக்தி முழுவதையும் வேகத்தைக் குறைப்பதிலேயே செலவிட்டுவிட்டால் காரைத் திருப்புவதற்கு மிச்சம் ஒன்றும் இராது. முழுவதையும் திருப்புவதிலே செலவிட்டாலோ, பிரேக்கின் இலேசான தீண்டலையும் அந்த டயர் பொறுத்துக்கொள்ளாது. 1972-ஆம் ஆண்டின் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தில் ஜயம் பெற்றவரும், இஞ்சினியரிங் முறைப்படி கற்றவருமான மார்க் டானஹியூ இந்த உண்மையை ஒரு வட்டத்தைக் கொண்டு விளக்கினார். வட்டத்தின் உட்புறத்தில் தங்கிவிடாமலும், டயரின் சக்திக்கு எல்லையாகிய அதன் விளிம்பைத் தாண்டிவிடாமலும், அவ்விளிம்பை ஒட்டியே காரை நடத்திச் செல்வதுதான் ஓட்டுபவனின் தொழில். பிரேக்கைப் படிப்படியாக விட்டுக்கொண்டே ஸ்டீயரிங்கைப் படிப்படியாகத் திருப்புவதை, ட்ரெயில் பிரேக்கிங் என்று பந்தயக்காரர்கள் அழைக்கும் முறையை, இவ்வட்டத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே புத்தியுள்ள ஒரு பள்ளிச் சிறுவனும் அறிந்துகொள்வான்.

இதோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொரு விஷயமும் உண்டு. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் 125-க்குக் குறையும்போது வேகத்தில் பாதியைத்தான் இழக்கிறது. ஆனால் அதன் இயக்க சக்தியிலோ நான்கில் மூன்று பங்கு தொலைந்துவிடுகிறது. அன்றியும், பந்தயக் கார்களைக் காற்று மேலிருந்து தரையோடு அழுத்துவதால், வேகம் அதிகமாயிருக்கும் தொடக்கத்தில் டயர்கள் மிகப் பலமான மிதியையும் தாங்குகின்றன. வேகம் குறையக் குறைய அந்த ஆதரவும் குறைகிறது. ஆகவே முதல் க்ஷணத்திலேயே பலமாக மிதித்து, பின்னர் நிதானமாகத் தளர்த்திக்கொண்டு வருவதே இயற்கையோடு பொருந்திய வழி. அனுபவமற்றவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தயங்கித் தயங்கி மிதிக்கத் தொடங்கி, வளைவு நெருங்கியதும் பயத்தினால் முழுப் பலத்தையும் பிரயோகித்து, திருப்ப வேண்டிய இடம் வந்தவுடன் காலைப் பட்டென்று எடுத்துவிடுகிறார்கள். எடுத்த மறுகணம், முன்சக்கரங்களின்மேல் குவிந்திருந்த பாரம் பின்னோக்கிச் சாய்கிறது. காரின் மூக்கு நிமிர்கிறது. பாரம் நீங்கிய முன்டயர்கள் பிடிப்பை இழக்க, ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகவே சென்று எதிரே உள்ளவனின் கதவைத் தட்டுகிறது. இதற்கு மாறாக, அளவுக்கு மேல் மிதித்தபடியே திரும்புகிறவனுக்குப் பின்டயர்கள் பாரமற்று வழுக்கி, கார் பம்பரமாகச் சுழல்கிறது. இவ்விரண்டு துன்பங்களுக்கும் இடையிலுள்ள ஒற்றையடிப் பாதையைக் கண்டுபிடிக்க வேண்டியது வலது காலோ இடது காலோ அன்று. அதை இயக்கும் பொறுமை.

உண்மைக் காரில் அமர்ந்திருப்பவனுக்கு இந்த விஷயத்தில் உடம்பே ஆசான். பிரேக் பிடிக்கும்போது இருக்கை வார் மார்பை அழுத்துவதும், பின்பகுதி நழுவத் தொடங்குவதும் அவனுக்கு முதுகெலும்பின் வழியாகவே தெரிந்துவிடும். வீட்டு நாற்காலியில் அமர்ந்திருப்பவனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. டயரின் கிரீச்சொலி, ஸ்டீயரிங்கில் தோன்றும் நடுக்கம், காலுக்கு எதிரே பெடல் காட்டும் எதிர்ப்பு என்னும் மூன்றே அவனுக்குச் சாட்சிகள். பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதைவிட, எவ்வளவு பலத்தோடு மிதித்தோம் என்பதைத் தசைகள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்வதால், அழுத்தத்தை அளக்கும் லோட் செல் பெடல்களை வல்லவர்கள் விரும்புகிறார்கள். விலையுயர்ந்த பொருள்களுள் இதற்கு மட்டும் நான் ஆட்சேபம் சொல்லேன். மற்றவற்றை வாங்குவோர் வாங்கட்டும். கடைக்காரர்களும் பிழைக்க வேண்டுமல்லவா?

நான் முற்றாக வெறுப்பது ஒன்றுண்டு. புதியவர்களுக்கு உதவும் நல்லெண்ணத்தோடு, பாதையின்மேல் பச்சையும் சிவப்புமாக ஒரு கோட்டை இவ்வாட்டங்கள் வரைந்து காட்டுகின்றன. கோடு சிவந்தால் மிதி, பச்சையானால் விடு என்பது அதன் உபதேசம். வேகத்துக்கேற்ப நிறம் மாறுமளவுக்கு அது விவேகமுடையதாயினும், அதைப் பின்பற்றுபவனின் பார்வை வளைவின் உட்கோடியையும் அதற்கு அப்பாலுள்ள பாதையையும் நாடாமல், காரின் மூக்குக்கு முன்னேயே கட்டுண்டு கிடக்கிறது. முன்னே செல்லும் காரை ஒட்டிச் செல்லும்போது காற்றின் எதிர்ப்பு குறைந்து வேகம் கூடுகிறது. அதே காரணத்தால் பிரேக் பிடிக்கையில் காற்று அளிக்கும் உதவி குறைகிறது. முதற்சுற்றிலோ டயர்கள் இன்னும் குளிர்ந்திருக்கின்றன, எரிபொருள் தொட்டியோ நிறைந்திருக்கிறது. தனியே ஓடும்போது மிதிக்கும் இடத்துக்கு வெகு முன்னதாகவே மிதிக்க வேண்டியதற்கு இத்தனை நியாயங்கள் இருக்க, முன்னே ஓடுபவன் தடுமாறப்போகிறான் என்பதை அந்த வர்ணக் கோடு எப்படி அறியும்? 250 கிலோமீட்டர் வேகத்தில் விநாடியில் பத்திலொரு பங்கு தாமதித்தாலும் கார் ஏறக்குறைய ஏழு மீட்டர் முன்னே போய்விடுகிறது. கூட்டத்தில் இரண்டு கார்களுக்கு இடையே அவ்வளவு இடம் இருப்பதே அபூர்வம்.

கோட்டை அணைத்துவிட்டு, பாதையோரத்தில் தூரம் காட்டும் பலகைகளை அடையாளமாகக் கொண்டு, ஒரே வளைவைத் திரும்பத் திரும்ப அப்பியாசம் செய்ய வேண்டும். மிதிக்கும் இடத்தை மாற்றாமல், விடும் விதத்தை மட்டும் முதலில் மாற்றிப் பார்ப்பது உத்தமம். கார் தானாகவே வளைவின் உட்கோடியை நாடத் தொடங்கிய பிறகு, மிதிக்கும் இடத்தைச் சிறிது சிறிதாகத் தள்ளிப்போடலாம். இந்த வரிசையை மாற்றியவர்கள் ஆண்டுக்கணக்காக ஓட்டியும் நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்க்கிறோம்.

2008-இல் இணையப் பந்தயச் சேவையைத் தொடங்கிய ஐரேசிங் என்னும் நிறுவனம், கடந்த வளைவுகளின் எண்ணிக்கையோடு தவறுகளை ஒப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பு மதிப்பு ஒன்றை வழங்குகிறது. மோதலில் குற்றவாளி யாரென்று விசாரியாமல் இருவர் கணக்கிலும் புள்ளிகளை எழுதிவிடும் அதன் வழக்கத்தைப் பலர் அநீதி என்கிறார்கள். பின்னாலிருந்து இடிபட்டவனுக்கு அது அநீதிதான். எனினும் இடம் விட்டு ஓட்டும் ஆசாரத்தை அது ஓரளவு வளர்த்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. விபத்து நேர்ந்த பிறகு எழுதப்படும் கணக்கு என்பதே அதன் குறை.

1997-இல் வெளிவந்த முதலாவது கிரான் டூரிஸ்மோ ஆட்டம் இவ்விஷயத்தில் இக்காலத்தவரைவிடத் தீர்க்க தரிசனம் உடையதாயிருந்தது. லைசென்ஸ் பரீட்சை தேறாதவனைப் பெரிய பந்தயங்களில் அது சேர்க்கவில்லை. அந்தப் பரீட்சைகளில் முதலாவதாக அது வைத்தது, புறப்பட்டுச் சென்று குறிக்கப்பட்ட எல்லைக்குள் காரை நிறுத்துவதைத்தான். இணையப் பந்தயம் நடத்துவோர் எல்லோரும் இதைப் போன்ற ஒரு பரீட்சையை வாசலிலேயே வைக்க வேண்டும். அதில் சுற்று நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. வர்ணக் கோடு இல்லாமல், முன்னே ஒரு காரை ஓடவிட்டு, அதன் பின்னால் ரெட்டிஃபீலோ வளைவைச் சில தடவை இடியாமல் கடந்தால் போதும் என்று வைக்கலாம். பொழுதுபோக்குக்காக வருகிறவர்களைப் பரீட்சை எழுதச் சொன்னால் ஓடிப்போய்விடுவார்கள் என்று வியாபாரிகள் அஞ்சக்கூடும். பரீட்சைகளோடு வந்த அந்தக் கிரான் டூரிஸ்மோ உலகமெங்கும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.