சேருமிடம் அறியாத பயணிகள்

கணிப்பொறி விளையாட்டு என்றாலே முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே பலர். அவர்களது கவலையில் நியாயமுண்டு. ஆயினும் விளையாட்டுகள் அனைத்தையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. ‘டிரான்ஸ்போர்ட் டைக்கூன்’ என்பதைப் போக்குவரத்துப் பாடநூலாகவே கருதலாம் என்பது என் எண்ணம், பிழையுள்ள பாடநூல்தான்.

கிறிஸ் சாயர் என்பார் உருவாக்கிய இவ்விளையாட்டு 1994-இல் வெளிவந்தது. ஆர்வலர்கள் அதனை அடியொற்றி 2004 முதல் ‘ஓப்பன் டிடிடி’ என்னும் பெயரில் விலையின்றி வழங்கி வருகின்றனர். ஆடுபவர் கடன் பெற்று நிறுவனம் தொடங்கி, சாலையும் இருப்புப்பாதையும் அமைத்து, பேருந்தும் இரயிலும் ஓட்டிப் பொருளீட்ட வேண்டும். முதற்பதிப்பில் ஆட்டம் 1930-இல் தொடங்குகிறது. நம் கடற்கரை – தாம்பரம் தடத்தில் மின்தொடர் ஓடத் தொடங்கியது 1931-இல். எனவே தாம்பரத்தார்க்கு இவ்விளையாட்டு சற்று நெருங்கிய உறவே!

நொந்துகொள்ளவும் காரணங்கள் பல. கைகாட்டி ஒன்று இடம் மாறி நின்றால் போதும். இரயில்கள் எதிரெதிரே முடங்கி, தடம் முழுவதும் உறைந்துவிடும். பழைய எஞ்சின்கள் நடுவழியில் நின்று புகை கக்கும். இருப்புப்பாதையைக் கடக்கும் பேருந்தை இரயில் மோதி நொறுக்கும். மரங்களைக் கண்டபடி வெட்டினால் ஊராட்சி மன்றம் இசைவு மறுக்கும். இரயில்வே கேட்டில் காத்து நின்றே வளர்ந்த குரோம்பேட்டை, பல்லாவரத்து மாணவர்க்கு இவை புதியனவல்ல. ஓரிடத்துப் பிழை வேறோரிடத்தில் நெரிசலாய் வெடிக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எவ்வகுப்பறை உணர்த்தும்?

பிழை எங்கே? அவ்விளையாட்டின் பயணிக்குச் சேருமிடம் என்பதே இல்லை. எங்கு இறக்கிவிட்டாலும் வாய்திறவாமல் இறங்கிக்கொள்வார். கட்டணமோ தொலைவையும் விரைவையும் பொறுத்தது. ஆகவே நிலையத்தை எட்டத்தில் அமைத்தால் வருவாய் மிகும்! மனிதரும் நிலக்கரியும் அங்கே ஒரே கணக்குதான்.

இக்கணக்கு திரையோடு நின்றிருந்தால் கவலையில்லை. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. கோயம்பேட்டின் நெரிசலைக் குறைக்க அது தேவையே, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் திறந்த நாளில் அதனருகே இரயில் நிலையம் இல்லை. தாம்பரம் – செங்கற்பட்டு இருப்புப்பாதை அண்மையிலேயே சென்றும், இரயிலேற வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்திற்கோ செல்ல வேண்டியிருந்தது. விழுப்புரத்திலிருந்து விடியற்காலையில் மூட்டையும் குழந்தையுமாய் வந்திறங்கிய தாய், குரோம்பேட்டை வீட்டிற்கு மாநகரப் பேருந்தையோ ஆட்டோவையோ தேட நேர்ந்தது. முனையமும் இரயில் நிலையமும் ஒரே நாளில் திறக்கப்பட்டிருக்க வேண்டும். வண்டலூர் – வேளச்சேரி மோனோ ரயில் திட்டத்தை ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அது தாளைவிட்டு இறங்கவேயில்லை.

ஓப்பன் டிடிடியின் பிற்காலப் பதிப்புகளில் ஒவ்வொரு பயணிக்கும் சேருமிடம் வகுக்கும் அமைப்பும் உண்டு. அதனை இயக்கினால், அதுவரை இலாபம் ஈட்டிய தடங்களிலும் கூட்டம் தேங்கத் தொடங்கும். இணைப்பில்லாத நிலையங்கள் வெளிச்சத்திற்கு வரும். ஆட்டம் பன்மடங்கு கடினமாகும். விரும்பினால் இயக்கலாம், வேண்டாமெனில் விடலாம். மாணவச் செல்வங்கள் ஆடுவதாயின் அதனை இயக்கியே ஆடுக.