கொழுந்துக்கு உள்ள யன்னல் கொழுந்து பறிப்பவருக்கு இல்லை

மலையகத்துக்கான 10,000 வீட்டுத் திட்டம் மறுபடி மேடையேறியிருக்கிறது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்து, 2024இல்தான் வேலை தொடங்கிய திட்டம் இது. மேடைக்கு மேடை 550 சதுர அடி, காணி உறுதி என்ற இரண்டு பேச்சுத்தான். காணி உறுதி பெரிய உரிமை, சந்தேகமில்லை. ஆனால் அந்த 550 சதுர அடிக்குள் தை, மாசிக் குளிரில் எப்படித் தூங்குவது என்று ஒரு தலைவரும் கேட்கவில்லை.

நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வானம் வெளித்த இரவுகளில் தேயிலைத் தளிரே பனியில் கருகும். ஒற்றைக் கண்ணாடியின் ஒரு சதுர மீற்றர் வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு பாகை வித்தியாசத்துக்கும் 5.7 வாட் வெப்பம் வெளியேறும். வெளியே 8 பாகை, உள்ளே 18 பாகை, கண்ணாடி மூன்று சதுர மீற்றர் என்றால் இழப்பு 171 வாட். ஒன்பது வாட் பல்ப் பத்தொன்பதை விடிய விடிய எரிப்பதற்குச் சமம். யன்னல் நிலையின் இடுக்கால் போவது இதில் சேராது. அதனால்தான் சனங்கள் சாக்கும் துணியும் அடைக்கிறார்கள். அடைத்த வீட்டில் விறகடுப்புப் புகை தங்கிவிடுகிறது. குளிரா, புகையா என்று தாய்மார் தினமும் தெரிவு செய்கிறார்கள்.

இனித் தேயிலைத் தொழிற்சாலையைப் பாருங்கள். கொழுந்து வாட்டும் மாடிகளில் வரிசை வரிசையாக யன்னல்கள். எந்தப் பக்கம் திறப்பது, எப்போது மூடுவது, காற்றில் ஈரம் எவ்வளவு என்று அளந்து அளந்து வேலை நடந்தது. கந்தப்பளையில் ஹெதர்செட் தொழிற்சாலை ஹோட்டலானபோது அந்த மாடிகளே விருந்தினர் அறைகளாயின. துரை பங்களாவுக்கோ அகன்ற யன்னலோடு கணப்பும் புகைபோக்கியும். அதே தோட்டத்தில், தொழிலாளர்களின் முதுகோடு முதுகு ஒட்டிய லயத்தில், 10க்கு 12 அடிக் காம்பராவுக்குப் பின்சுவரில் யன்னல் வைக்க இடமே இல்லை. காற்றையும் வெயிலையும் கணக்கிடத் தெரிந்தவர்கள்தான் லயத்தையும் கட்டினார்கள். தெரியாமல் நடந்த பிழை இல்லை இது. வாடும் இலைக்கு விலை உண்டு, வாடும் மனிதருக்கு இல்லை என்று போட்ட கணக்கு.

“வெப்ப நாட்டில் யன்னலுக்கு என்ன ஆராய்ச்சி?” என்பவர்கள் கொழும்பில் விசிறிக்குக் கீழ் இருந்து பேசுபவர்கள். தலவாக்கலையில் ஓரிரவு படுத்தால் வாதம் தீர்ந்துவிடும். “செலவு கூடும்” என்பது அதைவிட மலிவான சாட்டு. எல்லா வீட்டுக்கும் இரட்டைக் கண்ணாடி கேட்கவில்லை. அது இழப்பைப் பாதியாக்கும் என்றாலும், முதலில் செய்ய வேண்டியவை வேறு. யன்னல் நிலையில் இறப்பர் பட்டி, இரவில் சாத்த மரக்கதவு, தடித்த திரை, அடுப்புக்குப் புகைபோக்கி. தை மாத வெயில் தெற்கே சாய்ந்து வருவதால் பெரிய யன்னல் கிழக்கிலும் தெற்கிலும். தென்மேற்குப் பருவக்காற்று மோதும் மேற்கில் சிறியது. கொழும்பு வீட்டு வரைபடம் வெயிலை மறைக்கப் போட்டது. மலைக்கு வெயிலை உள்ளே அழைக்கும் வரைபடம் வேண்டும்.

காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை என்று நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கும் மலை இது. அதன் மக்கள் சூட்டைச் சேமிக்க முடியாத வீட்டில் நடுங்குவது கொள்கைத் தோல்வி. யன்னல் திசையும் நிலையும் எழுதப்படாத எந்த வரைபடத்துக்கும் இனித் தொழிற்சங்கங்கள் சம்மதம் சொல்லக் கூடாது. அப்படிக் கட்டுகிற வீடு, கூரை மாற்றிய லயம்தான்.