நல்லாத்தானே இருந்தார்!

எதிர்பாராத சாவு விழுந்த வீட்டு வாசலில், பந்தலுக்கு அடியில் ஒரு வாக்கியம் ஆள் மாறி ஆள் வந்துகொண்டே இருக்கும்: “நேத்துகூட டீக்கடையில சிரிச்சுப் பேசினாரே, நல்லாத்தானே இருந்தார்!” தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் 19,834 பேர் தமிழ்நாட்டவர். மனசு சரியில்லை என்றால் முகம் காட்டிக்கொடுத்துவிடும், காட்டாதவருக்குக் குறை ஏதுமில்லை என்ற நம்பிக்கையில்தான் அந்த வாக்கியம் பிறக்கிறது. அந்த நம்பிக்கையையும் அதன் கூடப்பிறந்தவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“கஷ்டம் இருந்தா முகத்துலயே தெரிஞ்சிடுமே.”

சண்டை ஓயுமுன்னே, வந்த விருந்தாளியிடம் “வாங்க, காபி சாப்பிடுங்க” என்று சிரிக்கப் பழகியவர்கள் நாம். நம் முகத்தை நம்பினால் ஏமாறத்தான் வேண்டும். அன்றாடத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் ஓர் அக்கா. மார்கழி வந்தால் அவர் வாசல் புள்ளிக்கோலம் பாதித் தெருவை அடைக்கும். ஒரு வருடம் அது நாலு இழையாகச் சுருங்கியது. அடுத்த வருடம் ஸ்டிக்கர் கோலம் ஒட்டிவிட்டார். வாடிக்கையாக வாங்கும் மல்லிகைச் சரம் ஃபிரிட்ஜிலேயே கறுத்துக் கிடந்தது. கேட்டால் “வயசாகுதில்ல?” என்று சிரிப்பார். வயது 43. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமே கிடையாது என்று அவர் சொன்னது பல மாதம் கழித்துத்தான். பிடித்தது பிடிக்காமல் போவது, அகாலத்தில் தூக்கம் கலைவது, தொட்டதற்கெல்லாம் எரிச்சல், பசி மாறுவது: இப்படிச் சில சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

“உடம்புதான் சரியில்ல, மனசுக்கு ஒண்ணுமில்ல.”

அதே அக்கா வீட்டு பீரோவில் ஒரு ஜவுளிக்கடைப் பை உண்டு. உள்ளே ஈசிஜி, எண்டோஸ்கோப்பி, தைராய்டு, தலை ஸ்கேன். எல்லாம் ‘நார்மல்’. “கேஸ் டிரபிள்” என்று நாலு இடத்தில் மருந்து வாங்கியிருக்கிறார். தூக்கத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மண்டை இடி, நெஞ்சு படபடப்பு, கைகால் அசதி என்று மனம் உடம்பின் வழியாகவும் பேசும். அந்த வலி நடிப்பில்லை. சோதனைகளும் தேவைதான். ஆனால் அத்தனையும் நார்மல் என்று வந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது.

“வேலைவெட்டி இல்லாதவங்களுக்குத்தான் இதெல்லாம்.”

2022இல் தற்கொலையால் இறந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் தினக்கூலித் தொழிலாளர்கள். உழைப்பவருக்கு மனச்சோர்வு வராது என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். அழக்கூடாது என்று வளர்க்கப்பட்ட ஆணிடம் துயரம் குடியாகவும் கோபமாகவும் வெளிப்படுவது உண்டு. “திமிர் பிடிச்சவன்” என்று ஒதுக்கிவிட்டால் யார் கேட்பது?

“பாட்டி காலத்துல ஏது கவுன்சலிங்? மனசு விட்டுப் பேசினா போதும்.”

பாதி உண்மை. பேசினால் பாரம் குறையும். ஆனால் கேட்பவர் அண்ணனோ மாமியாரோ ஆனால், அவருக்கும் அந்த விஷயத்தில் ஒரு பக்கம் இருக்கும். சிகிச்சை என்பது ஆறுதல் வார்த்தையோடு முடிவதும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் வகுத்த முறையைப் பாருங்கள். மகன் போனை எடுக்கவில்லை. “நான் யாருக்கும் வேண்டாதவள்” என்று உடனே தோன்றுகிறது. அந்த நினைப்பை நோட்டில் எழுதி, அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம் என்று தானே விசாரிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். சில மாதப் பயிற்சி அது. மனநோயாளியைச் சிகிச்சை இல்லாமல் கட்டிவைக்கும் பழைய வழி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி சொல்லும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தீப்பிடித்த காப்பகத்தில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள்.

“டாக்டர்கிட்ட போனா பைத்தியம்னு முத்திரை. மாத்திரையும் விடாது.”

போகிற எல்லோருக்கும் மாத்திரை எழுதுவதில்லை. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும், போதை தராது. நினைத்தபோது நிறுத்தாமல் மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். மனநோயையும் உடல்நோயைப் போலவே காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். ஊர் வாய்தான் இன்னும் பின்தங்கியிருக்கிறது.

“கேட்டா, இல்லாத எண்ணத்தை நாமே விதைச்ச மாதிரி ஆயிடும்.”

ஆகாது. “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்குவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவருக்கு அது வாசல் திறந்த மாதிரி.

ஒரு வாதத்தை மட்டும் மறுக்க மாட்டேன்: தனியாரிடம் செலவு அதிகம். ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டியவர் எல்லோரும் படித்தவரும் இல்லை. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். கையில் காசில்லை என்றால் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு எங்கே என்று விசாரியுங்கள். அக்கா அங்கேதான் போனார். ஸ்டிக்கர் இன்னும் வாசலில் இருக்கிறது. தூக்கம் மட்டும் ஐந்து மணி வரை நீண்டிருக்கிறது.

வெளியே கிளம்பத் தயக்கமாக இருந்தால் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவை இது. தமிழில் பேசலாம், காசு கிடையாது, ராத்திரி மூன்று மணிக்கும் அழைக்கலாம்.