கடைத் தேங்காயும் வழிப்பிள்ளையாரும்

திருப்போரூர்ப் பக்கத்து இள்ளலூரில் கேளிக்கைப் பூங்கா திறந்தாயிற்று. டிசம்பர் மாதத் தொடக்கத்தில் நடந்த விழா, பக்கம் பக்கமாக வந்த விளம்பரம், தலைகீழாகத் தொங்கியபடி அலறியவர்களின் காணொளி எல்லாம் ஓய்ந்துவிட்டன. அரையாண்டு விடுமுறைக் கூட்டமும் வந்து போய்விட்டது. கொண்டாட்டத்துக்கு நடுவே கேட்டால் 'நல்ல காரியத்தில் அபசகுனம்' என்பார்களே என்று இத்தனை நாள் பொறுத்திருந்தோம். இனி கேட்கலாம். அந்தப் பூங்காவுக்குத் தமிழக அரசு விட்டுக்கொடுத்ததே 10 சதவீதக் கேளிக்கை வரி, அது யாருடைய பணம்?

பூங்காவை நடத்தும் வொண்டர்லா நிறுவனத்தின் மீது நமக்கு எந்தக் கோபமும் இல்லை. கொச்சியில் 2000ஆம் ஆண்டிலும், பெங்களூரை அடுத்த பிடதியில் 2005இலும், ஐதராபாத்தில் 2016இலும், புவனேசுவரத்தில் 2024இலும் பூங்கா திறந்து நடத்துகிறவர்கள், தொழில் தெரிந்தவர்கள். இங்கே 60 ஏக்கருக்கு மேல் நிலம், 600 கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு, வேலைவாய்ப்பு என்று சொல்கிறார்கள். அதையும் மறுக்கவில்லை. உள்ளாட்சி கேளிக்கை வரி நீங்காமல் சென்னைப் பூங்கா வேலை நகராது என்று பல ஆண்டுகளாக அவர்கள் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவந்தார்கள். வியாபாரி பேரம் பேசத்தான் செய்வார். எதிரில் உட்கார்ந்து 'சரி' என்று தலையாட்டியவர்கள் யார் மடியில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார்கள் என்பதுதான் நம்முடைய சண்டை.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது மாநிலங்களின் பழைய கேளிக்கை வரி அதற்குள் போய்விட்டது. ஒரே ஒரு துண்டை மட்டும் அரசியல் சட்டம் விட்டுவைத்தது. 101ஆவது திருத்தத்துக்குப் பிறகு மாநிலப் பட்டியலின் 62ஆவது இனத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள்: ஊராட்சி, நகராட்சி, மாவட்ட மன்றம் போன்ற அமைப்புகள் விதித்து வசூலிக்கும் அளவுக்கு மட்டுமே கேளிக்கை வரி இனி உண்டு. கோட்டைக்கு அதில் பங்கில்லை. அதையொட்டித்தான் தமிழ்நாடு உள்ளாட்சி அமைப்புகள் கேளிக்கை வரிச் சட்டம் அதே 2017இல் வந்தது. ஆக, அந்த 10 சதவீதம் முதலமைச்சர் அறையில் இருக்கும் பணமும் அல்ல, நிதித் துறையின் பணமும் அல்ல. பூங்கா எந்த ஊர் எல்லைக்குள் நிற்கிறதோ அந்த ஊரின் பணம்.

விலக்கு அளிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று அதிகாரிகள் பதில் வைத்திருப்பார்கள். இருக்கட்டும். இடமிருப்பது வேறு, நியாயமிருப்பது வேறு. தன் கஜானாவிலிருந்து எடுத்துக் கொடுப்பவரை வள்ளல் என்று சொல்லலாம். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்துவிட்டுப் புண்ணியத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்பவரை என்னவென்று சொல்வது?

கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். நுழைவுச் சீட்டு ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை ஒட்டி இருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு என்றால் தலைக்கு 150 ரூபாய். ஒரு நாளைக்கு 1,000 பேர் வந்தாலே ஒன்றரை லட்சம் ரூபாய். வார இறுதியிலும் கோடை விடுமுறையிலும் 1,000 பேரோடு நின்றுவிடும் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். தெருவிளக்குக்குப் பல்பு மாற்ற மாவட்ட நிர்வாகத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கும் கிராம ஊராட்சிகளுக்கு இது என்ன தொகை என்று சொல்லத் தேவையில்லை. குடிநீர்க் குழாய், கால்வாய், குப்பை வண்டி, அங்கன்வாடிக் கட்டடம் என்று ஒரு தலைமுறைக்கான வேலை அதில் முடியும்.

வருமானத்தை விட்டுக்கொடுத்தவர்கள் சுமையையும் விட்டுக்கொடுத்தார்களா? இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரும் கார் வரிசை அந்த ஊர்ச் சாலையில்தான் நிற்கும். பயணிகள் வீசும் பாட்டிலும் பொட்டலமும் அந்த ஊர்ச் சாலையோரத்தில்தான் சேரும். நீர்ச்சறுக்குக்கும் அலைக்குளத்துக்கும் எவ்வளவு தண்ணீர் போகிறது, அது எங்கிருந்து வருகிறது என்று கோடையில் கவலைப்படப் போவதும் சுற்றியிருக்கும் கிராமங்கள்தான்.

குடியாத்தத்தில் உட்கார்ந்துகொண்டு திருப்போரூர்ப் பக்கத்து ஊராட்சிக்கு ஏன் வக்காலத்து என்று சிலர் கேட்கலாம். 1954இல் முதலமைச்சர் காமராஜரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர் இது. கோட்டையைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கும் உண்டு. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. இன்று இள்ளலூரைக் கேட்காமல் எடுத்தவர்கள், நாளை ஏலகிரி அடிவாரத்திலோ நெடுஞ்சாலை ஓரத்திலோ ஒருவர் பூங்கா தொடங்க வந்தால் நம்மைக் கேட்டா எடுக்கப் போகிறார்கள்? முதல் விலக்கு சலுகை. இரண்டாவது விலக்கு முன்னுதாரணம். மூன்றாவது வருகிறவர் அதை உரிமையாகவே கேட்பார்.

நம் ஊரில் ராட்டினம் போடுகிறவரின் கதையையும் கொஞ்சம் பார்ப்போம். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் கூட்டம் அலைமோதும். அந்தச் சில நாள் வருமானத்தை நம்பி லாரியில் ராட்டினத்தின் இரும்புக் கைகளை ஏற்றி வருகிறவர், முதல் போல்ட்டை முடுக்குவதற்கு முன் எத்தனை மேசைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது! காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், மின்வாரியம், உறுதிச் சான்றுக்குப் பொறியாளர், அப்புறம் வருவாய்த் துறை. கிரீஸ் படிந்த பிளாஸ்டிக் உறைக்குள் ஜெராக்ஸ் கட்டு. யார் வந்து கேட்டாலும் அதைத்தான் எடுத்து நீட்டுவார். சாயங்காலம் ஒரு மழை பிடித்தால் அன்றைய டீசல் காசு போச்சு. 'வரி, கட்டணம் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தால்தான் தொட்டிலை மாட்டுவேன்' என்று அவர் சொல்லிப் பார்க்கட்டும். இடத்தைக் காலி செய் என்பார்கள். சான்று கேட்பது தவறில்லை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் நூறு ரூபாய்க்குள் பிள்ளைகளைச் சுற்றிக் காட்டுகிறவருக்குக் காட்டும் கண்டிப்பு, ஆயிரத்து ஐந்நூறு வாங்குகிறவர் முன்னால் எங்கே ஓடி ஒளிந்துகொள்கிறது?

இந்த ஊரில் பீடி சுற்றியும், லுங்கி நெய்தும், தீப்பெட்டி அடுக்கியும், ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்கு விடியற்காலை வேன் ஏறியும் பிழைக்கிற குடும்பங்களுக்கு அந்தப் பூங்கா எட்டுமா என்பதையும் பார்க்க வேண்டும். நான்கு பேர் உள்ளே போகச் சீட்டுக்கே 6,000 ரூபாய். போக்குவரத்தும் சாப்பாடும் தனி. விட்டுக்கொடுத்த 10 சதவீதம் சீட்டு விலையில் கழிந்து மக்கள் கைக்கு வரும் என்று எந்த நிபந்தனையும் போட்டதாக நாம் கேள்விப்படவில்லை. போட்டிருந்தால் விளம்பரத்தில் அதைத்தான் முதலில் போட்டிருப்பார்கள்.

வரியைத் தள்ளுபடி செய்தால் மக்களுக்கு லாபம் என்ற கதையை நாம் கேட்பது இது முதல்முறையும் அல்ல. தமிழில் பெயர் வைத்தால் படத்துக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று 2006இல் அறிவித்தார்கள். பிறகு நிபந்தனைகள் மாறின, ஆட்சிகள் மாறின, குழுக்கள் வந்தன. வரிவிலக்குப் பெற்ற படத்துக்கு நம் ஊர்த் தியேட்டரில் ஒரு ரூபாயாவது குறைத்து வாங்கினார்கள் என்று சொல்லக்கூடிய ரசிகர் யாராவது இருந்தால் கைதூக்கட்டும். உள்ளாட்சிகளுக்குப் போக வேண்டிய காசு போனதுதான் மிச்சம். அதிலிருந்து பாடம் படித்தவர்கள் கோட்டையில் ஒருவர்கூட இல்லையா?

உள்ளாட்சி என்றாலே அவர்களுக்கு இளக்காரம்தான். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு நம் வேலூர் மாவட்டத்தில் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். ஐந்து ஆண்டுகள், ஒரு முழுப் பதவிக்காலம், தலைவரும் இல்லை, உறுப்பினரும் இல்லை; தனி அலுவலர் ராஜ்ஜியம். மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தோம், வார்டு வரைகிறோம் என்று சாக்கு. நகராட்சிகளுக்கோ 2022 பிப்ரவரி வரை இழுத்தார்கள். தலைவரைத் தேர்ந்தெடுக்கவே விடாதவர்கள் அந்தத் தலைவரிடம் கருத்துக் கேட்டு வரியை விட்டுக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தது நம் தவறு.

வரியை விட்டுக்கொடுத்ததில் காட்டிய சுறுசுறுப்பு பாதுகாப்பு விஷயத்திலாவது உண்டா? 2016 மே மாதம் தாம்பரம் அருகே ஒரு பூங்காவில் சோதனை ஓட்டத்தின்போது ராட்டினம் சரிந்து ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். 2025 மே மாதம் ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு ராட்டினம் அந்தரத்தில் நின்றுபோய், குழந்தைகள் உட்பட முப்பது பேர் மணிக்கணக்கில் தவித்தார்கள். தீயணைப்புத் துறையின் ராட்சத ஏணி வந்து இறக்கியது. ஒவ்வொரு முறையும் பூங்காவை மூடு என்ற உத்தரவு, சில நாள் பரபரப்பு, பிறகு மறதி. ராட்டினப் பாதுகாப்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 15475 என்று விதித்தொகுப்பே வெளியிட்டிருக்கிறது. அதை ஒவ்வொரு பூங்காவும் பின்பற்றுகிறதா என்று ஆண்டுதோறும் பார்த்து அறிக்கையை மக்கள் முன் வைக்க ஓர் ஆணை போட இவர்களுக்கு நேரமில்லை. வரியை நீக்கும் ஆணைக்கு மட்டும் பேனாவில் மை தீருவதே இல்லை.

வசூலிக்க வேண்டிய இடத்தில் இவர்களின் லட்சணம் என்ன என்பதற்குத் தோல் பதனிடும் இந்த வட்டாரத்தைவிட நல்ல சாட்சி வேறு எங்கும் கிடைக்காது. பாலாற்றுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி அமைந்த ஆணையம் 2001இல் 29,193 குடும்பங்களுக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டது. எல்லாம் ஒழுங்காக முடிந்திருந்தால் 2025 ஜனவரி 30ஆம் தேதி அதே உச்ச நீதிமன்றம், விட்டுப்போன இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் அரசே கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்திருக்காது. நிலம் உப்பாகி, கிணறு கெட்டு நின்ற விவசாயியின் காசைக் கால் நூற்றாண்டாக வாங்கித் தர முடியாதவர்கள், கிராமத்துக் காசைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கப் பூங்கா எழும்பும் வரைகூடப் பொறுக்கவில்லை. 26.82 கோடிக்கு இழுபறி. எவ்வளவு என்றே தெரியாத தொகைக்கு ஒரே கையெழுத்து!

முதலீடு வேறு மாநிலத்துக்குப் போய்விடும் என்ற பூச்சாண்டியை இனி யாரிடம் காட்டுவார்கள்? சென்னையைச் சுற்றிக் கோடிக்கு மேல் மக்கள் இருக்கிறார்கள்; அந்தச் சந்தையைத் தேடித்தான் பூங்கா வந்தது. ஜிஎஸ்டியும் 2018 ஜனவரியில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. தொழிலுக்குக் கை கொடுக்கத்தான் வேண்டும் என்றால் அரசு தன் பையிலிருந்து கொடுக்கட்டும்: மின்கட்டணத்தில் கொடுக்கட்டும், முத்திரைத் தீர்வையில் கொடுக்கட்டும். ஊராட்சியின் வாயில் இருக்கும் சோற்றைப் பிடுங்கி விருந்து வைக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடட்டும்.

செய்த விலக்கை மறுபரிசீலனை செய்ய வேண்டும். முடியாது என்றால், இழந்த தொகைக்கு ஏதாவது ஒரு வகையில் அந்த ஊருக்கு ஈடு செய்ய வேண்டும். இனி உள்ளாட்சி வரி எதிலும் கைவைக்குமுன் சம்பந்தப்பட்ட ஊரைக் கேட்கும் முறை ஒன்று வர வேண்டும். அது எப்படி அமைய வேண்டும் என்பதைச் சட்டம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து பேசட்டும். ஊராட்சிக்குச் சொந்தமான பணத்தை வாரி வழங்கும் கைக்கு, அதைத் திருப்பிக் கேட்டால் பதில் சொல்லும் கடமையும் உண்டு. ஓட்டுக் கேட்டு ஊருக்குள் வருகிற ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்பது நம் வேலை.